அக்கா மிச்சம்

பெண்ணுக்கு வயதைக் குறைத்துச் சொல்கிறவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஃபிலோமினா பேட்டரிக்கு வயதைக் கூட்டி எழுதினாள். இரண்டு வருஷத்துப் பேட்டரியை நாலு வருஷத்தது என்று கணினியில் ஏற்றுவாள். ஒன்பது வருஷமாக இதைச் செய்துகொண்டிருந்தாள், கம்பெனிக்குத் தெரியாது என்ற நினைப்பில்.

தங்கவயலில், மார்ட்டின் ஷாஃப்ட் என்ற சுரங்கக் கிணற்றின் லாம்ப் ரூம், அதாவது ஆட்களுக்கு விளக்கு கொடுக்கிற அறை, அவள் பொறுப்பு. மூடிக் கிடந்த சுரங்கத்தைக் கம்பெனி மறுபடி திறந்தது தங்கத்துக்காக இல்லை. பேட்டரிக்குள் வைக்கிற ஏதோ ஓர் உலோகம் மூன்றரை கிலோமீட்டர் ஆழத்தில் கிடைக்கிறதாம். பேட்டரிக்கு மண் தோண்ட பேட்டரியைத் தலையில் கட்டிக்கொண்டு இறங்குகிறோம், நல்ல பிழைப்புதான் போ என்று ஆட்கள் சிரிப்பார்கள்.

காலை ஐந்தே முக்காலுக்கு ஜன்னல் திறக்கும். ஒவ்வோர் ஆளும் தன் பெயர் வெட்டிய பித்தளை வில்லையைக் கொடுத்து விளக்கை வாங்கிக்கொள்வான். மேலே வந்ததும் விளக்கைக் கொடுத்து வில்லையைத் தன் கையாலேயே திருப்பி வாங்க வேண்டும். அதற்கு முன்னால் அவன் வீட்டுக்குப் போனாலும் சுரங்கத்துக்குள்ளே இருப்பதாகத்தான் கணக்கு. இந்த வழக்கத்தை மட்டும் எந்தக் கணினியாலும் அசைக்க முடியவில்லை.

பழைய விளக்குகள் சாகப் போவதைச் சொல்லிவிட்டுச் செத்தன. மங்கும், சிவக்கும், ஆள் சுதாரித்துக்கொள்வான். புதுசாக வந்த கெட்டிப் பேட்டரி அப்படியில்லை. கடைசி நொடி வரை பட்டப்பகல் மாதிரி எரியும், அப்புறம் பொட்டென்று போய்விடும். எச்சரிக்கை என்று இருப்பது விளக்கின் முதுகில் ஓடுகிற எண் ஒன்றுதான். இன்னும் இத்தனை நிமிஷம் என்று காட்டும். பேட்டரியின் வயது, அது பட்ட சூடு, எத்தனை தடவை சார்ஜ் ஏறியது எல்லாவற்றையும் போட்டுக் கணக்குப் பார்த்துச் சொல்லுமாம். ஒரு நிமிஷம் முன்னே பின்னே ஆகாது என்று கம்பெனி மார்தட்டியது.

ஆகவும் இல்லை. அதனால்தான் வந்தது வினை. அந்த விளக்குகள் வந்த முதல் மாதத்தில், ஆட்களை ஏற்றி இறக்குகிற கூண்டுக்கு இருபதடி முன்னால் எண் பூஜ்யமாகி, இருட்டில் பாறையைத் தடவித் தடவி வந்து சேர்ந்தான் ஒருவன். ஜன்னலில் விளக்கை வைத்தவன் நகர முடியாமல் அங்கேயே உட்கார்ந்து வாந்தியெடுத்தான். அவன் முகத்தைப் பார்த்த ஃபிலோமினா அன்றைக்கே எல்லாப் பேட்டரிக்கும் இரண்டு வயது கூட்டினாள். கிழட்டுப் பேட்டரி என்று கணக்கு ஏமாந்தது. எண் பூஜ்யம் காட்டிய பிறகும் விளக்கு நாற்பது நிமிஷம் எரிந்தது.

ஆட்கள் என்ன மக்குகளா? ஒரே வாரத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். அதற்குப் பெயரும் வைத்தார்கள், 'அக்கா மிச்சம்' என்று. அவள் காதில் விழுந்தால் எரிந்து விழுவாள். ஜன்னலுக்கு மேலே சிவப்பு பெயின்டில் தன் கையாலேயே எழுதி வைத்தாள்: 'பூஜ்யம்னா பூஜ்யம்'. விளக்கு கொடுக்கும்போதெல்லாம் அதையே கத்துவாள். "சரிக்கா, சரிக்கா" என்று ஆட்கள் சிரித்துக்கொண்டே போவார்கள். ஒன்பது வருஷத்தில் அந்த வார்த்தையை நம்பியவன் ஒருத்தன் கிடையாது.

இப்படி இருக்கும்போதுதான் ஸ்ரீவத்சன் வந்தான். கம்பெனியின் பாதுகாப்பு எஞ்சினியர், முப்பத்தைந்து வயது. அதிர்ந்து பேசத் தெரியாத ஆள். ஒரு மத்தியான நேரம், லாம்ப் ரூமில் யாரும் இல்லாதபோது, எதிரில் ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்தான்.

"மேடம், பேட்டரி வாங்கின தேதியும் நீங்க ஏத்தியிருக்கிற வயசும் ஒத்துப்போகல."

அவள் ஒரு விளக்கை எடுத்துத் துடைக்க ஆரம்பித்தாள்.

"யார்கிட்டயும் சொல்லப் போறதில்ல. எதுக்காகச் செஞ்சீங்கன்னு புரியுது. ஆனா இதைப் பாருங்க." ஒரு காகிதத்தை நீட்டினான். "எண் அறுபதுக்கு வந்ததும் வேலையை நிறுத்திட்டுக் கிளம்பணும், அதுதான் விதி. கூண்டுக்கு நாற்பது நிமிஷ நடை. இப்ப யாரும் அறுபதுல கிளம்பறதே இல்ல. இருபதுல கிளம்பறாங்க. நீங்க உசுருக்குன்னு ஒளிச்சு வெச்ச நாற்பது நிமிஷத்துல மேஸ்திரிங்க வெடி வைக்க இன்னும் ரெண்டு குழி போடறாங்க மேடம். அது இப்ப மிச்சம் இல்ல, வேலை நேரம்."

ஃபிலோமினாவுக்குச் சுருக்கென்றது. அவளுக்கும் தெரிந்த விஷயம்தானே. ஷிஃப்ட் முடிந்து வருகிற விளக்கெல்லாம் பூஜ்யத்தில்தான் வந்துகொண்டிருந்தன.

"வயசை நான் சரி பண்ணிடறேன். நாளைக்குக் காலையில ஆட்கள்கிட்ட நீங்களே சொல்லிடுங்க. நீங்க சொன்னாத்தான் கேப்பாங்க."

"சொல்றேன் சார்," என்றாள்.

சொல்ல வேண்டும் என்றுதான் மறுநாள் ஜன்னலைத் திறந்தாள். ஆனால் எப்படிச் சொல்வது? இல்லவே இல்லை என்று ஒன்பது வருஷம் சாதித்த ஒன்றை, எடுத்துவிட்டேன் என்று எந்த வாயால் சொல்வது? எடுத்தேன் என்றால் இருந்தது என்றாகிறது. வரிசை நகர்ந்துகொண்டே இருந்தது. ஏசுரத்தினம் மேஸ்திரி வந்தார். ஐம்பத்தைந்து வயது, இவளைக் கல்யாணத்துக்கு முன்னாலிருந்தே தெரிந்தவர். அவர் பின்னால் அவருடைய ஆட்கள், முதலில் முனிவேல், அடுத்து இன்பநாதன்.

"மேஸ்திரி, அறுபதுல கிளம்பிருங்க. பூஜ்யம்னா பூஜ்யம்!" வழக்கத்தைவிட உரக்கக் கத்தினாள்.

"இன்னிக்கு அக்காவுக்குத் தொண்டை நல்லா இருக்கு," என்றான் இன்பநாதன். வரிசை மொத்தமும் சிரித்தது. அவளும், பாவி, சிரித்துத் தொலைத்தாள்.

மத்தியானம் ஒன்று பத்துக்கு மேசை மேலிருந்த டம்ளர் நடுங்கியது. அப்புறம் காலடியில் ஓர் அடி. தங்கவயலில் பிறந்தவர்களுக்கு விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. ஆழத்தில் பாறை தானாக வெடித்துச் சரிவதற்கு 'ஏர் பிளாஸ்ட்' என்று பெயர். ஊரில் கதவுகள் திறக்கிற சத்தம் லாம்ப் ரூம் வரை கேட்டது.

கொஞ்ச நேரத்தில் வில்லைகள் குறைந்தன. கூண்டு கூண்டாக மேலே வந்து எல்லாரும் வாங்கிக்கொண்டார்கள். பலகையில் மூன்று தொங்கின. பாறையைத் தாண்டிப் பேசும் ரேடியோ லாம்ப் ரூமில்தான் இருந்தது. மேனேஜர் ஓடி வந்தார், பின்னாலேயே ஸ்ரீவத்சன். ரேடியோ இரைந்தது.

"யாரு, பிலோமியா? ஏசுரத்தினம் பேசறேன். மூணு பேரும் உசுரோட இருக்கோம். வழி அடைச்சுப் போச்சு. இன்பநாதன் கால் மேல பாறை உருண்டிருச்சு. எடுத்துட்டோம். கட்டுப் போட்டிருக்கு, ஆனா ரத்தம் நிக்க மாட்டேங்குது."

மேனேஜர் மைக்கைப் பிடித்தார். "மேஸ்திரி, அங்கேயே இருங்க. மீட்பு ஆட்கள் இறங்கியாச்சு. உடைச்சுக்கிட்டு வர ஒன்பது மணி நேரம் ஆகும்."

"ஒன்பது மணி நேரம் இவன் தாங்க மாட்டான் சார். இங்க ஒரு பழைய ஏணிப் பாதை இருக்கு. வெள்ளைக்காரன் காலத்தது, உங்க மேப்ல இருக்காது. செம்புக் கம்பி பொறுக்க முனிவேல் ஒரு தடவை ஏறியிருக்கான். மேல் மட்டத்துல, கரன்ட் விளக்கு எரியற இடத்துக்கிட்ட போய்ச் சேரும்."

"அப்ப நாங்க மேலேயிருந்து இறங்கறோம். எங்கே இருக்கு அது?"

"அந்த மட்டத்துல முப்பது பொந்து இருக்கு சார். இது எதுன்னு ஆள் வந்து காட்டினாத்தான் தெரியும். நாங்க ஏறி வர்றோம். தனி ஆளு ஒரு மணி நேரத்துல ஏறிருவான். இவனைக் கட்டித் தூக்கிட்டு வர ஒன்றரை மணி நேரம். ஏணியில பாதிப் படி கிடையாது, வெளிச்சம் மட்டும் இருந்தாப் போதும். இருட்டுல கால் வெச்சா மூணு பேரும் காலி."

"விளக்கு எவ்வளவு காட்டுது அண்ணே?" என்று கேட்டாள் ஃபிலோமினா.

"மூணும் இருபத்தாறு. ஒவ்வொண்ணா ஏத்திக்கிட்டா, உன் மிச்சத்தையும் சேர்த்து மூணு மணி நேரத்துக்கு மேலயே வருதும்மா. தாராளம். கிளம்பறோம்."

"கிளம்பாதீங்க! மிச்சம் இல்ல. பூஜ்யம்னா பூஜ்யம்!"

அந்தப் பக்கம் யாரோ சிரித்தார்கள். அந்த நிலைமையிலும் சிரித்தது இன்பநாதன்தான் என்று அவளுக்குத் தெரிந்தது.

"மேனேஜர் பக்கத்துல நிக்கறாரா பிலோமி? சரி, சரி. நீ சொல்ல வேண்டியதைச் சொல்லிட்ட. நாங்க பார்த்துக்கறோம்."

"அண்ணே, கேளுங்க…"

"ஒன்பது வருஷமா கேக்கறதுதானேம்மா. முனி, கயித்தை எடு."

ஃபிலோமினா திரும்பி மேனேஜரைப் பார்த்தாள். ரேடியோவின் சிவப்புப் புள்ளி மினுக்கிக்கொண்டிருந்தது, பேசுவதெல்லாம் பதிவாகிறது என்று அர்த்தம். இரண்டு கையாலும் மைக்கைப் பிடித்துக்கொண்டாள்.

"அண்ணே, செபாஸ்தியார் மேல ஆணை. நான் பொய் சொல்லிக்கிட்டிருந்தேன். ஒன்பது வருஷமா பேட்டரிக்கு ரெண்டு வயசு கூட்டி எழுதினேன். நீங்க சொல்ற மிச்சம் இருந்தது, நான்தான் வெச்சேன். நேத்து அதை எடுத்தாச்சு. எஞ்சினியர் சார் சரி பண்ணிட்டாரு. இன்னிக்கு உங்க விளக்குல காட்டறதுதான் இருக்கு, ஒரு நிமிஷம் கூட அதிகமில்ல. நம்புங்கண்ணே. என் பிள்ளைங்க மேல சத்தியம்."

மேனேஜர் அவளையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"முனி," என்றது மேஸ்திரியின் குரல், மெதுவாக. "எல்லா விளக்கையும் அணை."

அப்புறம் இருட்டிலிருந்து கேட்டார். "நேத்தே எடுத்தாச்சா?"

"ஆமாண்ணே."

"காலையில ஏன் சொல்லல?"

அவள் பலகையில் தொங்கிய மூன்று வில்லைகளைப் பார்த்தாள்.

"அறுபது காட்டறப்பவே முனி கேட்டான், கிளம்பலாமான்னு. இன்னும் ரெண்டு குழி போட்டுட்டுப் போலாம், அக்கா மிச்சம் இருக்குன்னு நான்தான் சொன்னேன். அப்பவே கிளம்பியிருந்தா ஏர் பிளாஸ்ட் நேரத்துல பாறை விழுந்த இடத்தைத் தாண்டியிருப்போம். ஏன்மா சொல்லல?"

"வெட்கமா இருந்துச்சு அண்ணே," என்றாள்.

அவர் திட்டியிருந்தால் தாங்கியிருப்பாள். அவர் திட்டவில்லை. "இப்ப இருபத்தி நாலு. மூணும் சேர்ந்தா எழுபத்திரெண்டு," என்று தனக்குத்தானே கணக்குப் போட்டார். "இவனைத் தூக்கிக்கிட்டு ஒன்றரை மணி நேரம் ஏற முடியாது. பதினெட்டு நிமிஷம் குறையுது. அதுவும் மேல்பாதிதான் ரொம்ப மோசம்." பிறகு குரலை உயர்த்தினார். "முனி மட்டும் மூணு விளக்கையும் எடுத்துக்கிட்டு ஏறட்டும். அவன் வந்து பொந்தைக் காட்டினா நீங்க இறங்கலாம். நான் இன்பநாதன்கூட இருக்கேன்."

"உங்களுக்கு ஒரு விளக்கு வெச்சுக்குங்க மேஸ்திரி," என்றார் மேனேஜர்.

"ரெண்டு விளக்குன்னா நாற்பத்தெட்டு நிமிஷம் சார். அவன் ஏற ஒரு மணி நேரம் வேணும். நாங்க உட்கார்ந்துதானே இருக்கப் போறோம், எங்களுக்கு எதுக்கு வெளிச்சம்?"

ஸ்ரீவத்சன் சுவரோரமாக நின்றிருந்தான். ஏதோ சொல்ல வருகிறவன் போல ஓர் அடி எடுத்து வைத்தான். மேனேஜர் திரும்பிப் பார்த்ததும் நின்றுவிட்டான். அவன் முகம் வெளுத்திருந்ததை ஃபிலோமினா பார்த்தாள். பாவம், பயந்த சுபாவம் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த ஒரு மணி நேரத்தை அவள் எப்படிக் கழித்தாளோ, மாதாவுக்குத்தான் வெளிச்சம். ரேடியோவின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தாள். முதலில் இன்பநாதன் பேசுவது கேட்டது. தங்கச்சி நிச்சயதார்த்தத்துக்கு மேஸ்திரி கட்டாயம் வரணும், பழைய சட்டையில வரக்கூடாது என்றான். பிறகு தண்ணீர் கேட்டான். பேட்டரி தீரும் என்று மேஸ்திரி ரேடியோவை அணைத்துவிட்டார்.

ஒரு மணி நேரம் ஆறு நிமிஷத்தில் ஜன்னலில் தடதடவென்று தட்டினார்கள். முனிவேல். உடம்பெல்லாம் சேறு, உள்ளங்கை கிழிந்திருந்தது. பின்னால் மீட்பு ஆட்கள் நாலு பேர்.

"புது விளக்கு கொடுக்கா, அஞ்சு. சீக்கிரம்." கொண்டுவந்த மூன்று விளக்குகளையும் பலகை மேல் போட்டான். வாங்கிக்கொண்டு ஓடப் போனவன், நின்று அவளை ஒரு பார்வை பார்த்தான்.

"இப்பவும் பொய்தான் சொன்னியாக்கா? மிச்சம் இருந்துச்சே." சொல்லிவிட்டு ஓடினான்.

அவளுக்கு ஒன்றும் புரியவில்லை. குனிந்து பார்த்தாள். ஒரு விளக்கு செத்திருந்தது. இன்னொன்று பூஜ்யம் காட்டிக்கொண்டு பளபளவென்று எரிந்துகொண்டிருந்தது. மூன்றாவதை முனிவேல் ஏற்றவே இல்லை. அதன் முதுகில் எண் இருபத்தி நாலு அப்படியே நின்றது.

பூஜ்யம் காட்டிய விளக்கையே பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரத்தில் அது பொட்டென்று போனது. மேனேஜர் கூண்டுப் பக்கம் போயிருந்தார். அறையில் இருந்தது இவளும் ஸ்ரீவத்சனும்தான்.

"சார்," என்றாள். "என்ன வயசு போட்டீங்க?"

அவன் அந்த விளக்கை எடுத்துத் திருப்பிப் பார்த்தான்.

"ரெண்டுன்னு போடப் போனேன் மேடம். ரெண்டரைன்னு போட்டேன். பத்து நிமிஷம் வரும். எனக்கும் மனசு கேக்கல."

"ஒவ்வொரு விளக்குலயுமா?"

"ஒவ்வொண்ணுலயும்."

மூன்று விளக்குக்கு அரை மணி நேரம். எழுபத்திரண்டும் முப்பதும் நூற்றிரண்டு. தூக்கிக்கொண்டு ஏற வேண்டியது தொண்ணூறு. சின்னக் கணக்குதான், அவளால் போடாமல் இருக்க முடியவில்லை.

"நான் சத்தியம் பண்ணப்போ இங்கதானே நின்னீங்க? ஒரு நிமிஷம் கூட இல்லன்னு சொன்னேனே! அப்ப வாயைத் திறந்திருந்தா அவனைத் தூக்கிட்டு வந்திருப்பாங்களே!" ஃபிலோமினா அவன் சட்டையைப் பிடித்துவிட்டாள். "ஏன்யா சொல்லல?"

"சொன்னா அந்தப் பத்து நிமிஷத்தையும் கணக்குல சேர்த்துக்குவாங்க, கடைசியில ஒண்ணுமே இருக்காதுன்னு பயந்தேன். அதோட… நேத்துத்தான் துல்லியமா இருக்குன்னு கையெழுத்துப் போட்டேன். மேனேஜர் எதிர்லயே…" அவன் கண் கலங்கியது. "நீங்க ஏன் மேடம் காலையில சொல்லல?"

அவள் சட்டையை விட்டாள்.

மூன்று மணி நேரம் கழித்துக் கூண்டு மேலே வந்தது. ஸ்ட்ரெச்சரில் முகம் வரை போர்த்தியிருந்தார்கள். வெளியே இன்பநாதனின் தங்கை வீறிட்டது லாம்ப் ரூமுக்குள் கேட்டது. ஃபிலோமினா எழுந்து போகவில்லை. வில்லை கொடுக்க ஆள் வேண்டும்.

ஏசுரத்தினம் மேஸ்திரி ஜன்னலுக்கு வந்தார். முனிவேல் அவர் கையைப் பிடித்துக்கொண்டிருந்தான். சாயங்கால வெயில் அவருக்குக் கூசியது. முனிவேல் தன் வில்லையை வாங்கிக்கொண்டான். மேஸ்திரியும் கையை நீட்டினார், அவள் வில்லையை வைத்தாள். அவர் நகரவில்லை.

"கடைசி வரைக்கும் பேசிக்கிட்டுத்தாம்மா இருந்தான்," என்றார். "விளக்கு எரியுதான்னு கேட்டான். எரியுதுடா, நீதான் கண்ணை மூடிக்கிட்டிருக்கேன்னு சொன்னேன். சரிண்ணே, கொஞ்சம் தூங்கறேன்னான். அப்ப முனி போய் ஒன்றே முக்கால் மணி நேரம் இருக்கும்னு தோணுது. இருட்டுல என்ன கணக்கு தெரியும்?"

ஃபிலோமினா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு பிலோமி." ஜன்னல் கட்டையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். "ரெண்டு குழி போடலாம்னு சொன்னது நான். அது என் பாவம், நான் சுமந்துக்கறேன். ஆனா முனியை மட்டும் அனுப்பிட்டு அவனை அங்கேயே வெச்சிருந்தேனே, அது சரிதானே? தூக்கிட்டு ஏறியிருந்தா நடுவுல விளக்கு போயிருக்கும், இல்ல? நிஜமாவே வேற மிச்சம் எதுவும் இல்லையில்ல?"

முனிவேல் அவரைப் பார்க்கவில்லை, இவளையும் பார்க்கவில்லை. பலகை மேல் கிடந்த மூன்றாவது விளக்கைத்தான் பார்த்தான். அதன் முதுகில் இருபத்தி நாலு இன்னும் நின்றது. மெதுவாகக் கை நீட்டி அதைக் குப்புறப் புரட்டி வைத்தான்.

சொல்லாமல் விட்டதால் ஒரு உயிர் போய்விட்டது. இனி ஒருத்தரிடமும் எதையும் மறைக்கமாட்டேன் என்று மூன்று மணி நேரமாக மாதாவிடம் சொல்லிக்கொண்டிருந்தவள் அவள். அந்த மனுஷர் அவள் வாயையே பார்த்துக்கொண்டு நின்றார்.

"பூஜ்யம்னா பூஜ்யம் அண்ணே," என்றாள்.

மேஸ்திரி தலையை ஆட்டினார். "அது போதும்மா," என்றார். ஒன்பது வருஷத்தில் முதல் முறையாக ஒருத்தர் அதை நம்பினார். முனிவேலின் தோளைப் பிடித்துக்கொண்டு வெயிலில் இறங்கி நடந்தார்.

பலகையில் ஒரு வில்லை மட்டும் பாக்கி இருந்தது. அதை வாங்க நீள வேண்டிய கை இனி வராது. ஃபிலோமினா அதை எடுத்துப் புடவைத் தலைப்பில் துடைத்தாள். பிறகு ஜன்னலை மூடிவிட்டு, அவன் தங்கையைத் தேடிக்கொண்டு வெளியே போனாள்.